கெடார் அரிசியும் பதினோரு கல்லும்

திண்டிவனம்
4-3-1983

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை காந்திமதி எழுதுவது. இங்கே நான், உன் மாப்பிள்ளை, அத்தை, பெண்கள் இரண்டு பேர் எல்லோரும் சுகம். அங்கே நீயும் அண்ணியும் சுகமா? சிவப்பிப் பசு கன்று போட்டுவிட்டதா?

நீ அனுப்பிய அரிசி மூட்டை பத்திரமாக வந்து சேர்ந்தது. எனக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் ஒரு வருஷம்கூட நீ தவறியதில்லை. தெருவில் "ஒங்க அண்ணன் மூட்டை வந்துச்சா?" என்று கேட்கிறபோது எனக்கு ஒரு சாண் உயரம் கூடிவிடுகிறது. இந்தத் தடவை அரிசியில் கொஞ்சம் கல் இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, அரித்துப் போட்டால் போகிறது. அத்தைக்குத்தான் போன வாரம் கடைவாயில் ஒன்று அகப்பட்டது. அந்தப் பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்தான், நீ கவலைப்படாதே.

மாசி மகத்தன்று வடை சுட்டேன். நான் தின்றது நாலு. அத்தை ஆறு என்கிறார்கள். அன்றைக்கு மத்தியானம் வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி, முதுகு வரைக்கும் இழுத்து, வியர்த்துக் கொட்டி, சாயங்காலம்தான் விட்டது. வாயுவாக இருக்கும். ஓமத் தண்ணீர் குடித்தேன். இப்போது ஒன்றும் இல்லை.

அண்ணிக்கு என் விசாரிப்பைச் சொல்லவும்.

இப்படிக்கு அன்புத் தங்கை,
காந்திமதி


கெடார்
13-3-1983

அன்புத் தங்கச்சி காந்திமதிக்கு,

அண்ணன் பச்சைமுத்து ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். மாப்பிள்ளை, உன் மாமியார், குழந்தைகள் எல்லோருடைய நலமும் வேண்டும். சிவப்பி கிடாரிக் கன்று போட்டிருக்கிறது.

ஆறு வடை தின்றால் யானைக்கும் வாயு பிடிக்கும். அத்தை கணக்குத்தான் சரியாக இருக்கும், சின்ன வயதில் உன் இலையை நான் பார்த்திருக்கிறேன். பெருங்காயத்தைப் பொரித்து மோரில் போட்டுக் குடி.

கல் விஷயம் கேள். இந்த வருஷம் அறுப்புக்கு ஆள் கிடைக்கவில்லை, களத்துக்கு முறை வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். நான் ஒரு வேலை செய்தேன். கதிர் முழுக்க நம் ஊர் தார் ரோட்டிலே கொண்டுபோய்ப் பரப்பிவிட்டேன். திருவண்ணாமலை பஸ், லாரி எல்லாம் ஏறி மிதித்துக் கொடுத்துவிட்டுப் போயின. ஒரே பகலில் வேலை முடிந்தது. புழுங்கின நெல்லையும் அங்கேயே காயப்போட்டு அள்ளினேன். "பச்சமுத்துக்கு மூளையப் பாரு, கவர்மெண்டு பஸ்ஸ வச்சிப் போரடிக்கிறான்" என்று ஊரே சொல்லிற்று. ரோட்டில் புதுசாக ஜல்லி போட்டிருந்தார்கள், அதில் நாலு பொடி வந்திருக்கும். உன் மாமியார் பல்லுக்கு நான் ஜவாப்தாரி இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு அண்ணன்,
பச்சைமுத்து


திண்டிவனம்
22-4-1983

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் இருவர் நலமும் அறிய ஆவல். இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம்.

வலி மூன்று தடவை வந்துவிட்டது. கடைசித் தடவை காய்ச்சலும் வந்தது. இங்கே டாக்டர் பார்த்துவிட்டு விழுப்புரத்துக்கு எழுதிக் கொடுத்தார். முந்தின நாள் சாயங்காலம் ஆறு மாத்திரை விழுங்கச் சொல்லி, மறுநாள் வெறும் வயிற்றில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அங்கே ஜெயம் என்று ஒரு லேடி டாக்டர், ஆபரேஷன் செய்கிறவர். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எனக்கே காட்டினார். கல்லீரலுக்குக் கீழே பித்தப்பை என்று ஒன்று இருக்கிறதாம். அதற்குள் கல் இருக்கிறதாம். பையோடு எடுத்துவிட வேண்டும், விட்டால் சீழ் பிடிக்கும் என்றார். விழுப்புரம் வரை வந்தும் உன்னைப் பார்க்க வராததற்குக் கோபித்துக்கொள்ளாதே. எனக்குக் கால் ஓடவில்லை, வீட்டுக்குப் போனால் போதும் என்று இருந்தது.

வயிற்றைக் கிழிக்க நான் சம்மதிக்கப் போவதில்லை. அனந்தபுரத்தில் ஒருவர் பச்சிலை கொடுத்துக் கல்லைக் கரைக்கிறாராம். அவரைப் பார்க்கப் போகிறேன்.

இன்னொன்று, சிரிக்காமல் படி. அத்தை ஒரே பிடியாகச் சொல்கிறார்கள்: "நாப்பது வருசமா இந்த வூட்ல யாருக்கும் வவுத்துல கல்லு வந்ததில்ல. ஒங்க அண்ணன் ரோட்டு அரிசியத் தின்னுதான் சேந்துக்கினு இருக்குது." எனக்கு வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது.

பதில் போடு.

அன்புத் தங்கை,
காந்திமதி


திண்டிவனம்
10-6-1983

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதவே கை வரவில்லை. ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை. நீ நலமா? அண்ணி நலமா? யாருக்காவது உடம்பா? கோபமா? நான் என்ன செய்தேன்?

அனந்தபுரத்துப் பச்சிலையை ஒரு மண்டலம் குடித்தேன். கல் கரைந்ததோ இல்லையோ, நான் கரைந்துவிட்டேன். ரவிக்கை எல்லாம் தொளதொள என்று கிடக்கிறது. எண்ணெய் பட்ட எதைத் தின்றாலும் வலி வருகிறது. போன செவ்வாய் வந்த வலியில் சமையலறைத் தரையிலேயே உருண்டேன். சின்னவள் பயந்து அழுதாள்.

அத்தை உன் அரிசியைத் தொடுவதில்லை. உன் மாப்பிள்ளை அம்மாவுக்கும் பேச மாட்டார், எனக்கும் பேச மாட்டார், சத்தமில்லாமல் போய்க் கடை அரிசி வாங்கி வந்துவிட்டார். நான் மட்டும் தனி உலை வைத்து உன் அரிசியைத்தான் பொங்கித் தின்கிறேன். பிடிவாதம் என்றால் பிடிவாதம்தான்.

இதற்காவது எழுது.

காந்திமதி


கெடார்
21-6-1983

தங்கை காந்திமதிக்கு,

நாங்கள் நலம். நீ அந்த அரிசியைத் தின்னாதே. கோழிக்குக் கொட்டிவிடு. இனிமேல் நான் மூட்டை அனுப்பமாட்டேன். கடையில் நல்லதாகப் பார்த்து வாங்கிச் சாப்பிடு. டாக்டர் சொல்கிறபடி கேள். மாப்பிள்ளைக்கும் உன் மாமியாருக்கும் என் வணக்கம்.

பச்சைமுத்து


கெடார்
30-6-1983

அன்புள்ள நாத்தனார் காந்திமதிக்கு,

அண்ணி அஞ்சம்மாள் எழுதுவது. நீயும் குழந்தைகளும் நலமாக இருக்கவேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டிருக்கிறேன். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தினவள், பிழை இருந்தால் சிரிக்காதே. உன் அண்ணனுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

ஏப்ரலில் உன் கடிதம் வந்த அன்றைக்கு அவர் அதைப் படித்துவிட்டு சாப்பிடாமல் எழுந்துபோனவர்தான். அன்றிலிருந்து அரிசிச் சோறு தொடுவதில்லை. கேப்பைக் களியும் கூழும்தான். கேட்டதற்கு, "என் தங்கச்சி வவுத்துல கல்லு இருக்கற வரைக்கும் எனக்கு சோறு எதுக்கு? பஸ்ஸ வுட்டுப் போரடிச்ச பெருமைக்கு அவ உசுரையே வாங்கிட்டேன்" என்றார். வீட்டில் மிச்சம் இருக்கிற இரண்டு மூட்டையையும் அவிழ்த்து முறத்தில் கொட்டி, விடிந்தால் உட்கார்ந்து கல் பொறுக்குகிறார். பொறுக்கினதை எண்ணுகிறார். போன அமாவாசைக்கு மேல்மலையனூர் போய் அங்காளம்மன் வாசலில் விழுந்து கிடந்தாராம். பதில் எழுத உட்காருவார், பேனாவை மூடி வைத்துவிடுவார்.

நான் சொன்னால் கேட்கவில்லை. நீ சொன்னால் கேட்பார். எனக்கு இவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உன் அண்ணி,
அஞ்சம்மாள்


திண்டிவனம்
6-7-1983

என் அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் நலமாக இருங்கள். எனக்கு வலியைவிட இப்போது கோபம்தான் அதிகம்.

அத்தை சொன்னதை நான் விளையாட்டாக எழுதினால், நீ அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டுவிட்டாயா? எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே, தெரியும்.

நேற்று விழுப்புரம் போய் ஜெயம் டாக்டரிடம் நேராகவே கேட்டேன். "அரிசிக் கல் தின்றால் இந்தக் கல் வருமா?" என்று. அவர் சிரித்துவிட்டு, "சாப்பாடு போற வழி வேறம்மா, பித்தம் சேர்ற பை வேற. நீ மலையையே முழுங்கினாலும் அது இங்க வராது" என்றார். வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். "அவங்க இன்னா, கண்ணால பாத்தாங்களா? படத்துல கல்லுன்னுதான தெரியுது, எந்தக் கல்லுன்னா எழுதியிருக்குது?" என்று கேட்டார்கள். நீ அங்கே உட்கார்ந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தோன்றியது.

அதனால் முடிவு செய்துவிட்டேன். ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறேன். பை எனக்கு வேண்டாம், கல் எனக்கு வேண்டும். எடுத்த கல்லைப் பாட்டிலில் போட்டு என் கையில் கொடுக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு, அவரும் சரி என்றுவிட்டார். அது ரோட்டுக் கல்லா, என் உடம்பிலேயே விளைந்த கல்லா என்று எல்லோரும் பார்க்கட்டும். உன்மேல் ஒரு பழியை வைத்துக்கொண்டு நான் இந்த வீட்டில் உலை வைக்கமாட்டேன்.

ஆடி போகட்டும் என்கிறார்கள் அத்தை. ஆவணியில் நாள் கொடுத்திருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் இரண்டு பாட்டில் ரத்தம் தரவேண்டும். ஒன்று உன் மாப்பிள்ளை. இன்னொன்று நீ.

காந்திமதி


கெடார்
15-7-1983

தங்கச்சிக்கு,

எல்லோரும் நலம். ரத்தம் கொடுக்கிறேன். எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் கொடுக்கிறேன். எனக்கு வேறு ஒன்றும் எழுதத் தெரியவில்லை. நீ நன்றாக இருக்கவேண்டும்.

பச்சைமுத்து


விழுப்புரம்
21-8-1983, ஞாயிறு மாலை

அன்புள்ள அண்ணா,

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணி நலமா? இங்கே பெண்கள் பிரிவில் ஏழாம் நம்பர் கட்டில் என்னுடையது. நாளைக் காலை எட்டு மணிக்கு.

வியாழக்கிழமை நீ வந்ததை லூர்துமேரி சிஸ்டர் சொன்னார்கள். "ஒங்க அண்ணனா அவரு? அழுதுக்கினே குடுத்தாரும்மா. ஊசி வலிக்குதான்னு கேட்டேன், இல்லன்னு தலையாட்டுறாரு. பிஸ்கட்டு குடுத்தேன், அதையும் டேபிள்லியே வச்சிட்டு ஜல்தியா போயிட்டாரு." ஆஸ்பத்திரிக்குள் வந்தவன் என் கட்டில் வரைக்கும் வரவில்லை. நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் மாப்பிள்ளை கதை தெரியுமா? பஸ் டிப்போவில் இஞ்ஜினைத் தோளில் தூக்குகிற மெக்கானிக், அரைப் பாட்டிலிலேயே கண் சொருகி விழுந்துவிட்டார். சோடா தெளித்து எழுப்பினார்களாம். எனக்கு அவர்மேல் என்றும் இல்லாத பாசம் வந்துவிட்டது.

இரண்டு பிரசவமும் எனக்கு வீட்டிலேயே ஆனவை. மருந்து ஊசி தவிர இந்த உடம்பில் இரும்பு பட்டதில்லை. இன்றைக்கு வளையலைச் சோப்பு போட்டுக் கழற்றினார்கள். இரண்டு ஜடை பின்னி நாடா வைத்துக் கட்டினார்கள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கிறேன். எனிமா கொடுத்தார்கள், அதைப் பற்றி எழுத மாட்டேன். பக்கத்துக் கட்டிலில் குடலிறக்கம் ஆபரேஷன் ஆன அம்மாள், "மயக்க ஊசி போட்டா பத்து எண்ணச் சொல்லுவாங்க, பத்து வராது" என்றாள். அது வராவிட்டால் பிறகு எது வரும்?

அண்ணா, பயமாக இருக்கிறது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். பெரியவளுக்குப் பாவாடை தாவணி எடுத்து வைத்திருக்கிறேன், அது டிரங்குப் பெட்டியில் அடியில் இருக்கிறது என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன். அதைச் சொன்னதும் அவர் வெளியே போய்விட்டார். எழுந்து ஓடிவிடலாமா என்று இரண்டு தடவை காலைக் கீழே வைத்தேன். உன் முகம் ஞாபகம் வந்தது, மறுபடி ஏறிப் படுத்துக்கொண்டேன். உன் ரத்தம் எனக்காக ஒரு பாட்டிலில் இங்கேதான் இருக்கிறது. அந்தத் தைரியத்தில் போகிறேன்.

இதை இவரிடம் கொடுத்துத் தபாலில் சேர்க்கச் சொல்கிறேன்.

உன் தங்கை,
காந்திமதி


திண்டிவனம்
4-9-1983

அன்புள்ள அண்ணா, அண்ணி,

நான் நலம்! நலம், நலம், நலம். மூன்று தடவை எழுத எனக்கு உரிமை இருக்கிறது. பதினான்கு தையல் போட்டு, பிரித்து, முந்தாநாள்தான் வீட்டுக்கு வந்தேன். நீ நலமா?

ஏழு வரைக்கும் எண்ணினேன். எட்டைக் காணோம். கண் திறந்தபோது சாயங்காலம், வாயெல்லாம் பஞ்சாக வறண்டு கிடந்தது, மூக்கில் ஒரு குழாய், விலாவில் ஒரு குழாய். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தார்கள், அதற்கு மேல் தண்ணீர் கிடையாது. இருமினால் உயிர் போகிறது, தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு இரும வேண்டும். மூன்றாம் நாளே லூர்துமேரி சிஸ்டர் எழுப்பி நடக்கவிட்டார்கள். வாசல் வரைக்கும் குனிந்துகொண்டே போனேன், அடுத்த நாள் நிமிர்ந்து போனேன். அந்தப் பழைய வலி போன இடமே தெரியவில்லை.

இப்போது கல்லுக்கு வருகிறேன். ஜெயம் டாக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சின்ன ஊசிமருந்துப் பாட்டிலில் பதினோரு கல். பச்சையும் மஞ்சளுமாக, உருண்டையாக, வறுத்துத் தின்கிற மல்லாட்டைப் பருப்பு அளவில் இரண்டு, மற்றதெல்லாம் கொஞ்சம் சிறுசு. அன்றைக்கு அத்தை பார்க்க வந்தார்கள். நான் பாட்டிலை எடுத்து நீட்டினேன். அத்தை மடியிலிருந்து ஒரு மூக்குப்பொடி டப்பாவை எடுத்தார்கள். திறந்தால், உன் அரிசியில் நான் அரித்துக் கொட்டியதை எல்லாம் எடுத்துச் சேர்த்த கல்! கருப்பு ஜல்லிப் பொடி, சிலதில் தார்கூட ஒட்டியிருக்கிறது. கோர்ட்டுக்குச் சாட்சி கொண்டுவந்த மாதிரி இரண்டையும் ஒரு தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பக்கத்துக் கட்டில்காரி, அவள் அக்கா, ஆயா எல்லோரும் கூடிவிட்டார்கள். ரவுண்டுக்கு வந்த டாக்டரும் நின்று பார்த்தார்.

"உள்ள இருந்து ஊறிப்போயி நிறம் மாறியிருக்கும்" என்றார்கள் அத்தை, விடாமல்.

டாக்டர், "நகத்தால கீறிப் பாருங்கம்மா" என்றார்.

அத்தை கீறினார்கள். மெழுகு மாதிரி இழைந்து வந்தது. விரல் இரண்டையும் தேய்த்துப் பார்த்தார்கள், பிசுபிசுப்பு. "இது கொழுப்பும் பித்தமும் சேர்ந்து இறுகினது. நாப்பது வயசு ஆகப்போற பொம்பளைங்களுக்கு ரொம்ப வரும். அரிசிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்றார் டாக்டர். அத்தை டப்பாக் கல்லில் ஒன்றை எடுத்து அதையும் கீறினார்கள். நகம்தான் உடைந்தது.

அதோடு விட்டார்களா? ஒரு கல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், அடுப்புத் தணலில் இரண்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். ஜல்லி சிவந்துபோய் அப்படியே கிடந்ததாம். என் கல் சொய்யென்று உருகிப் புகைந்து எரிந்து ஒன்றுமில்லாமல் போய்விட்டதாம். பெரியவள் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். மறுநாள் காலை அத்தை வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்தார்கள். பிறகு, "நான் வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். ஒங்க அண்ணன் இன்னா பாடு பட்டுச்சோ" என்றார்கள். எனக்குத் தையல் வலிக்க வலிக்க அழுகை வந்தது. அண்ணி எழுதியதை எல்லாம் அவர்களிடம் சொல்லிவிட்டேன், அண்ணி மன்னிக்க வேண்டும். களி மட்டும் தின்கிறதைச் சொன்னபோது அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

அண்ணா, நீ ஒரு தப்பும் செய்யவில்லை. நான் வயிற்றைக் கிழித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

வெற்றி பெற்ற தங்கை,
காந்திமதி


கெடார்
19-9-1983

என் அன்புத் தங்கச்சி காந்திமதிக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். நீ நூறு வருஷம் இருக்கவேண்டும். இங்கே நானும் உன் அண்ணியும் சிவப்பியும் கன்றும் எல்லோரும் நலம். உன் கடிதத்தைத் தினம் ஒரு தடவை படிக்கிறேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்கு வராததைக் கேட்டாய். வாசல் வரை வந்தேன். நீ ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். கழுத்தெலும்பு தெரிந்தது. என் அரிசி செய்த வேலை என்று நினைத்தேன், உள்ளே வரக் கால் எழவில்லை. டாக்டர் சொன்னதை நீ எழுதியபோதும் நான் நம்பவில்லை. எனக்காகச் சொல்கிறாய் என்று இருந்துவிட்டேன்.

நேற்றுப் பகல் பதினோரு மணி பஸ்ஸில் உன் மாமியார் வந்து இறங்கினார்கள், தனியாக. ரோட்டிலிருந்து நம் வீடு வரைக்கும் வழியில் பார்த்தவர்களையெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள்: "என் மருமவ வவுத்துல இருந்த கல்லு பச்சமுத்து அரிசிக் கல்லு இல்ல. நான் நெருப்புல போட்டுப் பாத்துட்டேன்." நான் இப்படி ஒரு பழியில் கிடந்தது இந்த ஊரில் உன் அண்ணி ஒருத்தியைத் தவிர யாருக்கும் தெரியாது. ஐந்து மாதமாக மூடி வைத்தேன். இப்போது கெடார் முழுக்கத் தெரியும். டீக்கடையில் நுழைந்தால், "இன்னா பச்சமுத்து, விடுதலை ஆயிட்டியாமே" என்கிறார்கள். பெரிய பேஜாராகப் போயிற்று!

வீட்டுக்குள் வந்ததும் நான் கும்பிட்டேன். அவர்கள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள். "தம்பி, தப்பு என்னுது" என்றார்கள். வயசில் பெரியவர்கள், சம்பந்தி அம்மாள், என்னிடம் அப்படிச் சொல்லலாமா? "பேச்செல்லாம் போதும், அஞ்சம்மா, சோறு போடு. ஒங்க வூட்டு அரிசியத்தான் வடிக்கணும். தம்பிக்கும் என் பக்கத்துலயே எல போடு" என்றார்கள்.

உன் அண்ணி பறந்து பறந்து சமைத்தாள். கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. நான் மாதக்கணக்காகப் பொறுக்கின அரிசி, முறத்தில் ஐந்து தடவை புடைத்து, அரித்துப் போட்டது. இரண்டு பேரும் உட்கார்ந்தோம். எனக்குச் சோற்றைத் தொட இன்னும் கை வரவில்லை. அவர்கள் பிசைந்து முதல் கவளம் வாயில் வைத்தார்கள். இரண்டாவது வைத்தார்கள். மூன்றாவது கவளத்தில் 'கடக்' என்று ஒரு சத்தம்.

உன் அண்ணி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. இத்தனை பொறுக்கியும் ஒன்று இருந்திருக்கிறது, தங்கச்சி. அது அவர்கள் வாய்க்கே போயிருக்கிறது.

அவர்கள் வாயிலிருந்து அதை எடுத்தார்கள். கருப்பாக, கடுகு அளவு. ஒரு நிமிஷம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். இலை ஓரத்தில் வைத்தார்கள். பிறகு உன் அண்ணியைப் பார்த்து, "இன்னாம்மா நின்னுக்கினு இருக்கற, கொழம்ப ஊத்து" என்று சொல்லிவிட்டு, மிச்சச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார்கள்.

அப்போதுதான் நான் என் இலையில் கை வைத்தேன். மூன்று தடவை போடச் சொல்லித் தின்றேன்.

மாப்பிள்ளைக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் அன்பு. உடம்பைத் தேற்று, கனமான குடத்தைத் தூக்காதே. தை மாதம் மூட்டை வரும். களத்திலேயே அடிக்கிறேன்.

இப்படிக்கு உன் அண்ணன்,
பச்சைமுத்து